ஆறு பிள்ளைகள், ஒரு கம்பிச் சுருள்

1957-ல் சான்ஃபிரான்சிஸ்கோ நகரத்து வீடொன்றில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் புகைப்படம் அது. இளம்பெண் ஒருத்தி தரையில் உட்கார்ந்து கம்பி பின்னிக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் நான்கு பிள்ளைகள். ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு திசை. அவர்களுக்கு இடையே, சுரைக்காயைக் கம்பியால் வரைந்ததுபோல, சிற்பங்கள் தொங்குகின்றன. சிற்பிக்குரிய பட்டறை எங்கே என்று தேடினால் படத்தில் கிடைக்காது. அந்தக் கூடம்தான் பட்டறை. பிள்ளைகள் விளையாடும் இடமும் அதுதான்.

அந்தப் பெண் ரூத் அசாவா. படம் எடுத்தபோது வயது 31. அடுத்த இரண்டு ஆண்டுகளில் இன்னும் இரண்டு குழந்தைகள் அந்த வீட்டுக்கு வந்துசேர, பிள்ளைகள் ஆறு பேர் ஆனார்கள். நான்கு பேர் அவர் பெற்றவர்கள், இருவர் தத்தெடுக்கப்பட்டவர்கள். ஆறு பேரையும் வளர்த்தபடியே அவர் பின்னிய கம்பிச் சிற்பங்கள்தான் இன்று இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சிற்பக் கலையின் முன்வரிசையில் வைத்துப் பேசப்படுகின்றன.

படம் எடுத்தவரின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். இமோஜன் கன்னிங்ஹாம், அசாவாவைவிட நாற்பது வயதுக்கு மேல் மூத்தவர். அவருக்கு மூன்று மகன்கள், அதில் இருவர் இரட்டையர். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்தில் ஸ்டுடியோ நடத்த வெளியே போக முடியவில்லை. அதனால் கேமராவை வீட்டுத் தோட்டத்துப் பக்கம் திருப்பினார். மேக்னோலியா பூ ஒன்றை மிக அருகில் நின்று அவர் எடுத்த படம் 1920-களின் நடுவில் வந்தது. புகைப்படக் கலை வரலாறு எழுதுகிறவர் எவரும் அந்தப் படத்தைத் தாண்டிப் போக முடியாது. குழந்தைகளின் மீது ஒரு கண்ணும் பூவின் மீது ஒரு கண்ணுமாக இருந்த காலத்தின் விளைச்சல் அது. முப்பது ஆண்டு கழித்து, அதே நிலையில் இருந்த இளையவர் ஒருவரின் வீட்டுக்குள் கேமராவோடு நுழைந்தபோது, எதைப் பார்க்கிறோம் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

அசாவா 1926-ல் கலிஃபோர்னியாவின் நார்வாக் ஊரில் பிறந்தார். பெற்றோர் ஜப்பானிலிருந்து வந்து, காய்கறி பயிரிட்டுப் பிழைத்தவர்கள். ஏழு பிள்ளைகளில் இவர் நான்காவது. பள்ளி விட்டால் வயல் வேலை. குதிரை பூட்டிய பரம்பு வண்டியின் பின்புறம் உட்கார்ந்து, வெறுங்காலை மண்ணில் உரசவிட்டுக்கொண்டு போவாராம். வண்டி போகப்போக, கால்விரல் மண்ணில் வளைவு வளைவாகக் கோடு போடும். அகன்று, ஒடுங்கி, மறுபடி அகலும் அந்தக் கோடுகளின் வடிவம் பிற்காலத்தில் தன் சிற்பங்களுக்குள் வந்துவிட்டதாக அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

பிறகு ஜப்பானுடன் போர் வந்தது. 1942 பிப்ரவரியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பல ஆண்டுகளுக்கு மகளால் அவரைப் பார்க்கவே முடியவில்லை. அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு வாசலை விட்டுக் கிளப்பப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்ட காலம் அது. அசாவா குடும்பத்துக்கு முதலில் கிடைத்த இடம் சான்டா அனிட்டா குதிரைப் பந்தய மைதானம். குதிரைகள் நின்ற லாயத்தில் மாதக்கணக்கில் குடியிருந்தார்கள். வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் ஓவியர்களாக இருந்த சிலரும் அதே மைதானத்தில் அடைபட்டிருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்க மனமில்லாமல் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுத்தார்கள். வயல் வேலை இல்லாத அந்த நாட்களில்தான் பதினாறு வயது ரூத்துக்கு முதல்முறையாக நாள் முழுக்க வரைய நேரம் கிடைத்தது. நடந்த அநியாயம் இதனால் எள்ளளவும் குறைந்துவிடாது. ஆனால் அங்கே யாரோ ஒருவர் பென்சிலை எடுத்து நீட்டினார் என்பதை அசாவா கடைசிவரை மறக்கவில்லை. பிற்காலத்தில் அவர் பள்ளிக்கூடங்களுக்குச் செய்த வேலையைப் பார்த்தால் அது புரியும்.

முகாமிலிருந்து வெளியே வந்தபின், ஓவிய ஆசிரியை ஆக வேண்டும் என்று மில்வாக்கி ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தார். பட்டம் வாங்கப் பள்ளியில் பயிற்சி வகுப்பு எடுத்தாக வேண்டும். ஜப்பானிய முகத்துக்கு அந்த வாய்ப்பு மறுக்கப்பட்டது. பட்டம் இல்லாமல் வெளியேறியவர், 1946-ல் வட கரோலினாவின் பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் போனார். மிகச் சிறிய கல்லூரி. ஆனால் அங்கே ஆசிரியர்களாக இருந்தவர்களில் ஜோசஃப் ஆல்பர்ஸ் என்ற ஓவியரும், பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்ற கட்டட வல்லுநரும் உண்டு. உதிர்ந்த இலை, காகிதம், கம்பித் துண்டு என்று கைக்குக் கிடைத்ததை வைத்து வடிவம் கற்றுக்கொடுப்பது ஆல்பர்ஸின் வழக்கம். காசு கொடுத்துப் பொருள் வாங்கினால்தான் கலை வரும் என்ற எண்ணத்தையே மாணவர்களிடமிருந்து அவர் உதறிப்போடச் செய்தார். கல்லூரிச் சலவைத் துணிகளில் அடையாளத்துக்குக் குத்தும் ரப்பர் முத்திரை ஒன்று அசாவாவின் கைக்கு வந்தது. கல்லூரிப் பெயரின் மூன்று எழுத்துகள் மட்டும் உள்ள சாதாரண முத்திரை. அதைத் திருப்பித் திருப்பிக் குத்தி, அலையாய் நெளியும் ஒரு வடிவக் கோலத்தையே உண்டாக்கினார். அந்தத் தாள்கள் இப்போது கண்காட்சிகளில் சட்டமிட்டு மாட்டப்படுகின்றன.

1947 கோடையில் மெக்ஸிகோவின் டொலூக்கா நகருக்குப் போனபோது, சந்தையில் முட்டை வைத்து விற்கும் கம்பிக் கூடையைப் பார்த்தார். அதைப் பின்னுவது எப்படி என்று ஊர்க்காரர்களிடமே கற்றுக்கொண்டார். எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பியது.

அந்தப் பின்னலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். முதலில் மரக்குச்சி ஒன்றின் மேல் கம்பியை வரிசையாகச் சுற்றுவார். குச்சியை உருவினால் ஒரு வரிசை வளையங்கள் மிஞ்சும். அதன்பின் அடுத்த வளையத்தை முந்தைய வரிசையின் வளையத்துக்குள் நுழைத்து இழுப்பார். அடுத்தது, அடுத்தது என்று போகும். வளையத்தின் எண்ணிக்கையைக் கூட்டினால் உடல் அகலும்; குறைத்தால் இடுப்பு ஒடுங்கும். ஊசி கிடையாது, கொக்கி கிடையாது, பற்றவைப்பு கிடையாது. செம்பு, பித்தளை, இரும்பு என்று எந்தக் கம்பியானாலும் கைதான் கருவி. விரல் கிழியாமலிருக்க டேப் ஒட்டிக்கொள்வார். ஓர் உருண்டைக்குள் இன்னோர் உருண்டை இருக்கும். உள்ளே இருப்பதைத் தனியாகச் செய்து போட்டிருப்பாரோ என்று தோன்றும். அப்படியில்லை. வெளியே போய்க்கொண்டிருந்த பரப்பு அப்படியே உள்ளே மடிந்து, மறுபடி வெளியே வரும். எது உள், எது வெளி என்று விரலால் தொட்டுக்கொண்டே போனாலும் பிடிபடாது. விட்டத்திலிருந்து தொங்கவிட்டால் கனமே தெரியாது; சுவரில் விழும் நிழல் மட்டும் இன்னொரு சிற்பமாக ஆடிக்கொண்டிருக்கும்.

நம் ஊரில் மத்தியான வேளையில் வயர் கூடை பின்னும் பெண்களுக்கு அசாவாவின் வேலைநேரத்தைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியிருக்காது. நாலு முடிச்சு போடுவார்கள். குக்கர் விசில் வந்தால் கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவார்கள். திரும்பி வந்து ஐந்தாவது முடிச்சிலிருந்து தொடர்வார்கள். விட்ட இடம் விட்ட இடத்திலேயே இருக்கும். குழைத்த வண்ணமாக இருந்தால் தட்டில் காய்ந்துபோகும். ஈரக் களிமண்ணாக இருந்தால் வெடித்துவிடும். பளிங்குக் கல்லாக இருந்தால் தூசியும் இரைச்சலும் தொட்டில் குழந்தையை எழுப்பிவிடும். கம்பிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மடியில் வைத்துப் பின்னலாம், திண்ணையில் உட்கார்ந்தும் பின்னலாம். பத்து நிமிடம் கிடைத்தால் பத்து நிமிடம்.

அசாவாவின் மேதைமையில் பாதி இங்கேதான் இருக்கிறது. வீட்டையும் பிள்ளைகளையும் தள்ளி வைத்துவிட்டு வேலை செய்ய அவர் வழி தேடவில்லை. இடையில் எழுந்து போனாலும் கெட்டுப்போகாத ஒரு பொருளையும் முறையையும் பிடித்துக்கொண்டு, அதை யாரும் போகாத தூரத்துக்குக் கொண்டுபோனார். வீட்டிலேயே பட்டறை வைத்துக்கொண்டதற்கு அவர் சொன்ன காரணமும் எளிமையானதுதான். அம்மா என்ன செய்கிறாள் என்று பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும். அவர்களுக்குத் தேவைப்படும்போது, அது ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய் தடவித் தருவதாகவே இருந்தாலும், தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கணவர் ஆல்பர்ட் லேனியர் கட்டடக் கலைஞர். பிளாக் மவுண்டனில் உடன் படித்தவர், வெள்ளையர். 1949-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் திருமணம் நடந்தது. அந்த நகரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கலப்பு மணத்துக்கு இருந்த தடையைக் கலிஃபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் அதற்கு முந்தைய ஆண்டுதான் நீக்கியிருந்தது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அவர்கள் கணவன் மனைவியாக வாழ்வதே அப்போது சட்டவிரோதம். நாடு முழுக்க அந்தத் தடை நீங்க 1967 வரை ஆனது. கல்யாண மோதிரத்தை வடிவமைத்துக் கொடுத்தவர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர்.

1950-க்கும் 1959-க்கும் இடையில் ஆறு பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். இரவு அவர்கள் தூங்கிய பிறகும், விடியற்காலையில் எழுவதற்கு முன்பும் அசாவாவின் கை ஓடும். பகலில் பிள்ளைகளே உதவிக்கு வருவார்கள்; குச்சியில் கம்பி சுற்றிக் கொடுப்பது அவர்கள் வேலை. 1960-களின் தொடக்கத்தில் நோ வேலி பகுதியில் பெரிய வீடு ஒன்றுக்குக் குடிபோனார்கள். அந்த வீட்டின் செம்மரக் கதவுகளைக் குடும்பமே சேர்ந்து செதுக்கியது. வருகிற விருந்தாளிகளின் முகத்தில் பிளாஸ்டர் பூசி அச்செடுப்பது பின்னாளில் அந்த வீட்டின் வழக்கமாயிற்று. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், நண்பர்கள், அக்கம்பக்கத்தார் என்று களிமண் முகங்கள் வெளிச்சுவரில் வரிசைகட்டின. அவற்றில் 233 முகங்கள் இப்போது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கேன்டர் கலை மையத்தில் ஒரே சுவரில் இருக்கின்றன. உலகத்தின் எந்த மூலையிலும் ஒரு வீட்டின் வரவேற்பு இப்படிப் பதிவாகியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

1962-ல் நண்பர்கள் மரணப் பள்ளத்தாக்குப் பாலைவனத்திலிருந்து ஒரு செடியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை வரைய முயன்றார், அதன் சிக்கல் காகிதத்தில் அடங்கவில்லை. சரி, கம்பியில் கட்டிப் பார்ப்போம் என்று ஒரு கட்டுக் கம்பியை எடுத்து நடுவில் இறுக்கிக் கட்டி, அடிமரம் கிளையாகவும் கிளை கொப்பாகவும் பிரிவதுபோலப் பிரித்துக்கொண்டே போனார். அவருடைய இரண்டாவது வகைச் சிற்பங்கள் அப்படிப் பிறந்தன. வீட்டுக்கு வந்த பரிசுப்பொருள் ஒன்று ஒரு கலைஞரின் பாதையையே திருப்பிவிட்டது. கடைசிக் குழந்தைக்கு அப்போது மூன்று வயதுதான்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது கலை உலகம் என்ன செய்தது? 1950-களில் நியூயார்க்கின் பெரிடாட் கேலரியில் மூன்று முறை அவருடைய சிற்பங்கள் காட்சிக்கு வந்தன. பாராட்டியவர்கள் இருந்தார்கள். ஆனால் பேனா எடுத்தவர்களில் பலருக்கு முதலில் கண்ணில் பட்டது அவர் இல்லத்தரசி என்பதும், ஆசியப் பெண் என்பதும். கம்பியைப் பின்னினால் அது கைவேலை. வீட்டில் பின்னினால் அது பொழுதுபோக்கு. அதே கம்பியை ஓர் ஆண் சிற்பி வாடகைப் பட்டறையில் வளைத்திருந்தால் எப்படி எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. முறையான அங்கீகாரம் வந்துசேர அரை நூற்றாண்டு ஆனது. 2013-ல், 87 வயதில் அசாவா காலமானார். அமெரிக்க அஞ்சல் துறை அவருடைய சிற்பங்களைத் தாங்கிய பத்துத் தபால்தலைகளை வெளியிட்டது 2020-ல். சான்ஃபிரான்சிஸ்கோ நவீன கலை அருங்காட்சியகமும் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகமும் அவருடைய வாழ்நாள் படைப்புகளை ஒன்றுதிரட்டிப் பெரிய அளவில் காட்சிக்கு வைத்தது 2025-ல்.

இந்தத் தாமதம் அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்தது என்று சொல்லிவிட முடியாது.

ஸ்வீடனில் சுன்ட்போர்ன் என்றொரு கிராமம். அங்கே கார்ல் லார்சன் என்ற ஓவியரின் வீட்டைப் பார்க்க இன்றும் கூட்டம் வருகிறது. வீட்டின் அறைகளையும் பிள்ளைகளையும் அவர் நீர்வண்ணத்தில் தீட்டி 1899-ல் வெளியிட்ட புத்தகம் ஐரோப்பிய வீடுகளின் ரசனையையே மாற்றியது. இருண்ட திரைச்சீலையும் கனத்த நாற்காலியுமாக இருந்த காலத்தில், வெளிச்சமும் வெள்ளைச் சுவரும் பளிச்சென்ற வண்ணமுமாக ஒரு வீடு. அந்த ஓவியங்களில் தெரியும் மேஜைவிரிப்பும் திரையும் மெத்தை உறையும் நாற்காலியும் யார் கைவண்ணம்? அவர் மனைவி கரின் லார்சன் வடிவமைத்து, நெய்து, தைத்தவை. கரினும் பாரிஸ்வரை போய் ஓவியம் கற்றவர்தான். 1883-ல் கல்யாணம், பின்னாலேயே எட்டுப் பிள்ளைகள். தூரிகை கீழே இறங்கிவிட்டது. ஆனால் வடிவம் பற்றிய சிந்தனை ஓயவில்லை. கர்ப்ப காலத்தில் இறுக்கிப் பிடிக்காத தளர்வான மேலங்கியைத் தனக்கென்று வெட்டித் தைத்துக்கொண்டார். ஆடும் நாற்காலி ஒன்றை வரைந்து கொடுத்தாராம். ஒரு பூவேலைகூட இல்லாத அதன் எளிமையைப் பார்த்துக் கூசிப்போன உள்ளூர்த் தச்சர், இருட்டிய பிறகுதான் அதைக் கொண்டுவந்து இறக்கினார் என்று ஒரு கதை உண்டு. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1997-ல் நடத்திய கண்காட்சியின் தலைப்பில் கணவர் பெயரோடு கரின் பெயரும் சமமாக இடம்பெற்றது. அவர் இறந்து அப்போது சுமார் எழுபது ஆண்டு ஆகியிருந்தது.

பாரிஸில் ஓவியர் சோனியா டெலோனேவின் கதையில் தாமதம் இவ்வளவு இல்லை. 1911-ல் மகன் பிறந்தான். தன் சிறுவயதில் ரஷ்யக் கிராமத்து வீடுகளில் பார்த்ததுபோல, துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுக் குழந்தைக்கு ஒரு போர்வை தைத்தார். தைத்து முடித்துப் பார்த்தபோது அதில் பூவும் இல்லை, உருவமும் இல்லை. நிறங்கள் ஒன்றோடொன்று மோதி நிற்கும் கட்டங்கள் மட்டும். அதைப் பார்த்த நண்பர்கள் புதிய ஓவியக் கலை இதில் இருக்கிறது என்றார்கள். அவரும் அவர் கணவர் ராபர்ட்டும் அந்த வழியில் தொடர்ந்து போனார்கள். அருவ ஓவியத்தின் தொடக்க காலத்தைப் பேசும்போது அந்தத் தொட்டில் போர்வையைச் சொல்லாமல் விட முடியாது; இன்று அது பாரிஸின் பாம்பிடு மையத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1917 புரட்சியில் ரஷ்யச் சொத்து வருமானம் நின்றுபோனபோது, துணி வடிவமைப்பும் ஆடைக் கடையும்தான் குடும்பத்தைக் காப்பாற்றின. குழந்தைக்குப் போர்வை தைத்த அதே கை.

கலைக்கூடம் பக்கமே போகாத இன்னொரு அம்மாவையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மரியன் டோனோவன், 1946-ல், ஈரத்துணி மாற்றி மாற்றிச் சலித்துப்போய், குளியலறைத் திரையை வெட்டித் தையல் மெஷினில் வைத்துக் குழந்தைக்கு ஈரம் கசியாத உறை தைத்தார். ஊக்குக்குப் பதில் அழுத்துப் பொத்தான் வைத்தார். தயாரிப்பு நிறுவனங்கள் தட்டிக்கழித்தன. 1949-ல் நியூயார்க்கின் பெரிய கடையொன்றில் தானே விற்பனைக்கு வைத்தார், பரபரப்பாக விற்றது. 1951-ல் காப்புரிமை, அந்த உரிமையை 10 லட்சம் டாலருக்கு விற்றார். பிறகு கட்டடக் கலை படிக்கப் போய் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டமும் வாங்கினார்.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கைத் தொடங்குவதானால் வாசலில்தான் தொடங்க வேண்டும். 1970-களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் கோலத்தைக் கணினி அறிவியலின் கண்ணால் பார்த்தார்கள். புள்ளியையும் கோட்டையும் எழுத்துகளாக வைத்துக்கொண்டால், சில விதிகளால் ஒரு வகைக் கோலத்தை எத்தனை பெரிதாக வேண்டுமானாலும் வளர்க்கலாம் என்று காட்டினார்கள். அதைப் பற்றிய அவர்களுடைய ஆய்வுக்கட்டுரை 1974-ல் வெளிவந்தது. கோட்பாட்டுக் கணினியியலில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் வேலை அது. விடியற்காலையில் பால் வருவதற்குள் 21 புள்ளி வைத்து, ஒரே இழையில் சுற்றி முடித்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குத் தலை பின்ன ஓடிய பெண்களிடம் அந்த விதிகள் ஏற்கனவே இருந்தன. மகள் அருகில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்டாள். போட்டவர் பெயர் மட்டும் எந்த வாசலிலும் எழுதப்படவில்லை. சாயங்காலத்துக்குள் கோலமே அழிந்துவிடும்.

இந்தப் பெண்களைப் பற்றி எழுதும்போது ஒரு வழுக்கல் உண்டு. ஆறு பிள்ளைகளை வளர்த்தபடியே அசாவாவால் முடிந்ததே, உன்னால் ஏன் முடியவில்லை என்று இன்னொரு தாயைப் பார்த்துக் கேட்க இதை எடுத்துக்கொள்வது. அது பெரிய அநியாயம். அசாவா தூக்கத்தைக் குறைத்து வாங்கிய மணிநேரங்கள் அவை. அவருடைய வேலையைத் தன் வேலைக்கு இணையாக மதித்த கணவர் அருகில் இருந்தார். கல்வி கொடுத்த ஆசிரியர்கள் கடைசிவரை துணை நின்றார்கள். கன்னிங்ஹாம் போன்ற மூத்த தோழி வீட்டுக்கு வந்துபோனார். இவற்றில் ஒன்றுகூட இல்லாத வீட்டில், வேலைக்கும் போய்விட்டு வந்து, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, பிள்ளையின் வீட்டுப்பாடத்தையும் முடித்துக் கொடுக்கும் பெண்ணுக்கு வயர் கூடை பின்னக்கூடக் கை எழாது. அவளிடம் கற்பனை இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. நேரம் இல்லை. அந்த நேரத்தை உண்டாக்கித் தரும் கடமை அவள் ஒருத்தியுடையது மட்டுமல்ல. வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

தாய்மையை ஒளித்துவைக்க அசாவா முயன்றதே இல்லை. 1968-ல் சான்ஃபிரான்சிஸ்கோவின் கிரார்டெல்லி சதுக்கத்தில் அவர் செய்த நீரூற்று இடம்பெற்றது. வெண்கலத்தில் இரண்டு கடற்கன்னிகளை வைத்தார். ஒருத்தி குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருக்கிறாள். சுற்றித் தவளைகளும் ஆமைகளும். மாதிரியாக உட்கார்ந்தவர், அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்த தோழி ஒருவர். சதுக்கத்தின் நிலவடிவமைப்பைச் செய்த லாரன்ஸ் ஹால்ப்ரினுக்கு இது பிடிக்கவில்லை. அந்த இடத்தில் அருவச் சிற்பம் ஒன்றைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார். எதிர்த்துப் பேசினார், எழுதினார். ஊர் மக்கள் நீரூற்றின் பக்கம் நின்றார்கள். இன்றும் அங்கே பிள்ளைகள் தவளை முதுகைத் தடவித் தடவிப் பளபளப்பாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அதே ஆண்டு அவர் தொடங்கிய இன்னொரு வேலைதான், கேட்டால், அவருக்கே மிகவும் பிடித்தமானதாக இருந்திருக்கும். தன் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளியில் ஓவிய வகுப்பு என்ற பெயரில் நடந்ததைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை. எழுத்தாளர் சாலி வுட்பிரிட்ஜோடு சேர்ந்து, அல்வராடோ தொடக்கப் பள்ளியில் கலைப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். பணம் கிடையாது. பால் அட்டைப்பெட்டி, முட்டை அட்டை, துணி மிச்சம் என்று வீடுகளில் தூக்கிப்போடுவதெல்லாம் பள்ளிக்கு வந்தன. பாடம் எடுக்க ஓவியர்கள் வந்தார்கள், பெற்றோர் வந்தார்கள், தோட்ட வேலை தெரிந்தவர்கள் வந்தார்கள். பால் பெட்டிகளை மடித்து அடுக்கிப் பிள்ளைகள் கோபுரம் கட்டியபோது, ஃபுல்லரிடம் தான் கற்ற வடிவியலை அசாவா அவர்கள் மொழியில் சொல்லிக் கொடுத்தார். ஒரு பள்ளியில் தொடங்கியது நகரத்தின் பல பள்ளிகளுக்குப் பரவியது. கலைக்கென்றே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று போராடி, 1982-ல் அதையும் சாதித்தார். 2010-லிருந்து அந்தப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தப் பட்டறையில் பிள்ளைகள் கையில் அதிகம் புரண்ட பொருள் உப்பு மாவு. சமையலறையில் தன் பிள்ளைகளுக்குப் பிசைந்து கொடுத்ததையே பள்ளிக்கும் கொண்டுவந்தார். மாவில் செய்த பொம்மை என்று யாரும் ஒதுக்கிவிடாதபடி ஒரு காரியமும் செய்தார். யூனியன் சதுக்கத்தின் அருகே ஹயாட் ஹோட்டலுக்கு நீரூற்று செய்யக் கேட்டபோது, சான்ஃபிரான்சிஸ்கோ நகரத்தையே அந்த உப்பு மாவில் உருட்டச் சொன்னார். பள்ளிப் பிள்ளைகள், நண்பர்கள், குடும்பத்தினர் என்று நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து வீடுகளையும் பாலங்களையும் டிராம் வண்டிகளையும் மனிதர்களையும் செய்தார்கள். அந்த மாவு உருவங்களை அப்படியே வெண்கலத்தில் வார்த்தார்கள். 1973-லிருந்து அது அங்கே இருக்கிறது. 2013-ல் ஆப்பிள் நிறுவனம் அந்த இடத்தில் கடை கட்ட ஒரு வரைபடம் கொடுத்தபோது, அதில் நீரூற்றைக் காணோம். நகரம் கொந்தளித்தது. வரைபடத்தைத் திருத்தி, நீரூற்றுக்கு இடம் ஒதுக்கினார்கள். என்றோ ஓர் எட்டு வயதுப் பிள்ளை உருட்டிய நாய்க்குட்டிக்கு உலகத்தின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று வழிவிட வேண்டியதாயிற்று.

அந்த உப்பு மாவுக்கு ரகசியம் ஏதும் இல்லை. மைதா 4 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் ஒன்றரை கப். உப்பையும் மாவையும் முதலில் கலந்துகொண்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கையில் ஒட்டாத பதம் வரும்வரை நன்றாகப் பிசைய வேண்டும். செய்ததோடு செய்ததாக அன்றைக்கே பயன்படுத்திவிடுவது நல்லது. நேரம் போனால் தளர்ந்துவிடும். கண்ணுக்கும் மூக்குக்கும் தனித்தனி உருண்டையை ஒட்டும்போது, ஒட்டுகிற இடத்தில் தண்ணீர் தொட்டுக்கொண்டால் பிடித்துக்கொள்ளும். முடி வேண்டுமானால் பூண்டு நசுக்கியில் வைத்து அழுத்தலாம், இடியாப்ப அச்சும் சரிப்படும். ஓவன் இருந்தால் 175 டிகிரியில் சுமார் ஒரு மணி நேரம், உருவம் தடிமனாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட. ஓவன் இல்லாத வீட்டில், மொட்டைமாடி வெயிலில் வற்றலுக்குப் பக்கத்திலேயே ஒரு தட்டில் வைத்து, தினம் ஒருமுறை திருப்பிவிட்டு, அடிப்பக்கமும் காய்ந்த பிறகு பிள்ளைகளிடம் வாட்டர் கலரைக் கொடுக்கலாம்.